ஏறி வந்தவர்

போன வாரம் ஒருநாள் இரவு, என் மகள் ஆங்கில நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஏழாம் வகுப்பு. கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். மேலே கட்டத்துக்குள் ஐந்து வார்த்தைகள்: லிஃப்ட், ரெய்ஸ், ஹாய்ஸ்ட், ஹீவ், ஜாக் அப்.

“எல்லாத்துக்கும் தூக்கறதுன்னுதானேப்பா அர்த்தம்? அப்புறம் எதுக்கு அஞ்சு வார்த்தை?”

நியாயமான கேள்விதான். ஆனால் கேட்ட இடம் தப்பு. நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி டெபிட், மீதி கிரெடிட். பத்திரிகைக்காரன் என்றால் எல்லாம் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை இருக்கிறது; அதைக் கெடுப்பானேன் என்று நோட்டை வாங்கினேன். முதல் நான்கையும் எப்படியோ நிரப்பிவிட்டோம். ஐந்தாவது வாக்கியத்தில் என் பேனா நின்றுவிட்டது. ‘அவன் டிரைவரிடம் ஒரு ______ கேட்டான்.’ குழந்தைகூடப் போடும் விடை. ஏன் நின்றது என்பதைச் சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை. கொஞ்சம் சுற்றித்தான் வரணும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மூட்டையைத் தூக்குகிறோம். கொடியை ஏற்றுகிறோம். குரலை உயர்த்துகிறோம். கேள்வியை எழுப்புகிறோம். வண்டியைக் கிளப்புகிறோம். எல்லாமே கீழே இருப்பதை மேலே கொண்டுபோகிற சமாசாரம்தான். ஆனால் கொடியைத் தூக்கினார் கலெக்டர் என்று எழுதினால் மறுநாள் எனக்கு வேலை இருக்காது. குழந்தையைத் தூக்கலாம். செத்துப் போனவரை? எத்தனை மணிக்குத் தூக்கறீங்க என்று எந்த எழவு வீட்டிலாவது கேட்டிருக்கிறோமா? “எப்ப எடுக்கறாங்க?” என்றுதான் கேட்போம். எந்த இலக்கண வாத்தியாரும் இதைச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் யாரும் தப்புப் பண்ணுவதில்லை.

ஆங்கிலத்திலும் இப்படித்தான். லிஃப்ட் என்றால் தரையில் கிடக்கும் பாரத்தைத் தரையிலிருந்து பிரிப்பது. ரெய்ஸ் என்றால் இருக்கும் நிலையிலிருந்து இன்னும் மேலே கொண்டுபோவது. கையை, விலையை, குரலை, பிள்ளைகளைக்கூட. ஹாய்ஸ்ட், கயிறோ கப்பியோ கட்டி மேலே இழுப்பது. கப்பல்காரர்கள் பாய்மரத்துக்குப் புழங்கிய வார்த்தை. ஹீவ் என்றால் மூச்சுப் பிடித்து, பல்லைக் கடித்துத் தூக்குவது. ஜாக் அப், உங்களுக்கே தெரியும். ஜாக்கி.

அகராதியைப் புரட்டினால் இன்னும் வேடிக்கை. லிஃப்ட் என்ற சொல் வடக்கு ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அதன் உறவுக்காரச் சொல்லுக்குக் காற்று, ஆகாயம் என்று பொருள். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் காற்றை லுஃப்ட் என்கிறார்கள். அவர்களுடைய விமான கம்பெனி லுஃப்தான்சா ஞாபகம் இருக்கிறதா, அதே லுஃப்ட்தான். ஆக, லிஃப்ட் என்றால் காற்றில் ஏற்றுவது. ஹீவ் என்ற சொல்லும் ஹெவி, அதாவது கனம் என்ற சொல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். எலிவேட்டர் என்கிறார்களே அமெரிக்காவில், அதற்கு லத்தீன் வேர் கனமில்லாதது, லேசானது என்ற பொருள் கொண்டது. ஒரே வேலை, ஒரு சொல் கனத்திலிருந்து பிறந்திருக்கிறது, இன்னொன்று லேசிலிருந்து. முதல் சொல்லை மூட்டை தூக்கியவனும் இரண்டாவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனும் உண்டாக்கியிருப்பார்கள் என்பது என் சொந்த ஆராய்ச்சி. டாக்டர் பட்டம் எல்லாம் வேண்டாம்.

கொடி என்றதும் ஒன்று. ஆகஸ்ட் 15 அன்று கொடியைக் கீழே கட்டி, கயிற்றை இழுத்து மேலே ஏற்றுகிறார்கள். ஜனவரி 26 அன்று கொடி ஏற்கெனவே உச்சியில் மடித்துக் கட்டியிருக்கும். கயிற்றை இழுத்தால் விரியும், பூ கொட்டும். முதலாவது ஹாய்ஸ்ட், இரண்டாவது அன்ஃபர்ல். நம் பத்திரிகைகளில் இரண்டுக்கும் கொடியேற்றம் என்றே போட்டுவிடுகிறோம். ஆனால் அந்த ‘ஏற்றுவது’ சின்ன விஷயமில்லை. மாநிலத் தலைநகரங்களில் சுதந்திர தினத்தன்று கொடியேற்றும் உரிமை முதலமைச்சர்களுக்கு வந்தது 1974-ல். அதைக் கேட்டு வாங்கியவர் கலைஞர். அதற்கு முன்பு ஆளுநர்தான். எதை யார் ஏற்றுவது என்பதற்கு டெல்லி வரை போக வேண்டியிருந்திருக்கிறது.

இந்த வார்த்தைகளை எல்லாம் நான் அகராதியில் கற்கவில்லை. பி.காம். முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுவது. நம் சேலம், நாமக்கல் சமவெளியைச் சுற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாமக்கல்லில் பாடி கட்டுவார்கள். டேங்கர் லாரிகள் அங்கே வரிசை கட்டி நிற்கும். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி. ஊருக்கு ஊர் போர் போட்டுவிட்டு வரும் வண்டிகள். சங்ககிரியில் வீட்டுக்கு வீடு லாரி. மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும்தான் இந்தப் பக்கத்தின் பிழைப்பு. வானம் பார்த்த பூமி. தண்ணீரைக்கூட ஏற்றித்தான் குடித்தாகணும். எங்கள் தாத்தா காலத்தில் மாட்டைப் பூட்டிக் கவலை இறைத்தார்கள். இப்போது மேட்டூர் அணையின் உபரி நீரைச் சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை 2020-ல் ஆரம்பித்தார்களே, அதிலும் முக்கியமான இடத்துக்குப் பெயர் நீரேற்று நிலையம்.

லாரி ஷெட்டில் ஒருவரும் ஹீவ், ஹாய்ஸ்ட் என்று பேச மாட்டார்கள். ஆனால் வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். டயர் பஞ்சரானால் ‘ஜாக்கி அடி’ என்பார்கள். அடித்துத் தூக்கியதும் பக்கத்தில் கட்டை வைக்காமல் அடியில் படுக்க விடமாட்டார்கள். ஜாக்கி தூக்கும், தாங்காது என்று ஒரு கிளீனர் பையனுக்கு வயசான டிரைவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. தூக்குவது வேறு, தாங்குவது வேறு. ஜாக் என்பது ஆங்கிலத்தில் ஒரு சாதாரண ஆளின் பெயர். நம்மூர் குப்பன், சுப்பன் மாதிரி. எடுபிடி ஆள் செய்த வேலையைச் செய்யும் கருவிக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். அதைப் பற்றி ஜாக் என்ன நினைத்தானோ.

கோழிப் பண்ணைக்காரர்களிடம் லிஃப்டிங் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. “நாளைக்கு நைட் லிஃப்டிங்” என்றால் கறிக்கோழிகளை எடுத்துக்கொண்டு போக வண்டி வருகிறது என்று அர்த்தம். காற்றில் ஏற்றும் வார்த்தை கோழிக்கு என்னவாக ஆகிறது பாருங்கள்.

நான் எழுதிய நோட்டில் இரண்டு தலைப்புகள் தினமும் வரும். ஏத்துக்கூலி, இறக்குக்கூலி. எழுத்தில் சுருக்கி ஏ.கூ., இ.கூ. என்று போடுவோம். மூட்டைக்கு இத்தனை என்று கணக்கு. பெரிய செலவு டீசல், டயர், டோல். இவை ரெண்டும் சில்லறை. அந்தச் சில்லறை எழுத்தை ஒருநாள் நானே தேடிக்கொண்டு போவேன் என்று அப்போது தெரியாது.

தமிழில் ஓர் அழகு உண்டு. ஏறு, ஏற்று. தானே மேலே போனால் ஏறுவது. இன்னொன்றை மேலே அனுப்பினால் ஏற்றுவது. நடுவில் ஒரு ற் கூடினால் போதும், செய்கிறவனும் செய்யப்படுகிற பொருளும் தனித்தனியாகிவிடுகிறார்கள். கிளம்பு, கிளப்பு. எழும்பு, எழுப்பு. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆங்கிலத்திலும் ரைஸ், ரெய்ஸ் என்று உயிரெழுத்தை மட்டும் மாற்றி அதே வித்தை. விலை ஏறியது என்றால் யாரும் பொறுப்பில்லை. ஏற்றினார்கள் என்றால் ஆள் யார் என்று கேட்கலாம். அரசாங்க அறிக்கைகளில் விலை எப்போதும் தானாகவே ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள்!

இனி அந்த ஐந்தாவது வாக்கியம்.

2006, மஞ்சள் அறுவடை முடிந்து மூட்டைகள் ஈரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சமயம். நான் அப்போது ஒரு நாளிதழின் சேலம் பதிப்பில் உதவி ஆசிரியர். இரவு பதினொன்றரை. பக்கம் மூடுகிற நேரம். திருச்செங்கோட்டுப் பக்கத்து நிருபர் போனில் வந்தார். விபத்து. பள்ளிபாளையம் போகும் ரோட்டில், நின்றுகொண்டிருந்த வண்டி மேல் ஒரு லாரி மோதிவிட்டது. லாரியில் வந்த விவசாயி ஒருவர் அங்கேயே இறந்துவிட்டார். போனில் ஒரே இரைச்சல். அவர் ஊர் பாஷையில் “மஞ்சள் ஏத்தி வந்தவரு” என்று சொல்லியிருக்கிறார். என் காதில் விழுந்தது “ஏறி வந்தவரு.”

காதில் விழுந்ததை மட்டும் எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏறி வந்தவர் என்றால் எப்படி ஏறினார்? ராத்திரியில் லாரியில் விவசாயிக்கு என்ன வேலை? லிஃப்ட் கேட்டுத்தான் ஏறியிருப்பார் என்று நானே முடிவு கட்டினேன். திரும்பிப் போன் பண்ணவில்லை. ‘லிஃப்ட் கேட்டு லாரியில் வந்த விவசாயி பலி.’ சிங்கிள் காலத்தில் இரண்டு வரியாக, கச்சிதமாக உட்கார்ந்தது தலைப்பு. டீ குடிக்கப் போய்விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஓர் அம்மா ஆபீஸுக்கு வந்தார். நாமகிரிப்பேட்டைப் பக்கம். கூடத் தம்பி. பிளாஸ்டிக் கவரிலிருந்து மடித்த பேப்பர் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஓரமெல்லாம் பழுத்திருந்தது.

“ஏனுங்க தம்பி, இதை எழுதுனது யாருங்க?”

நான்தான் என்றேன்.

“எங்க ஊட்டுக்காரரு யார்கிட்டயும் லிஃப்ட் கேக்கலீங்க. பதினெட்டு மூட்டை மஞ்சளை அவரு காசு குடுத்து ஏத்துனாருங்க. தன்னோட சரக்கு கூடத் தானே போனாரு. கண்டக்டரு சில்லறை இல்லைன்னு சொன்னா பஸ்ஸை விட்டு எறங்கி நடந்து வர்ற மனுசனுங்க. அவரைப் போயி ஓசியில போனாருன்னு எழுதிப்போட்டீங்களேங்க.”

நான் முதலில் கௌரவப் பிரச்னை என்றுதான் நினைத்தேன். தம்பி விளக்கினார். விபத்து இழப்பீட்டு வழக்கு. இன்ஷூரன்ஸ் தரப்பு, இவர் லாரியில் ஓசியாக ஏறி வந்தவர், எங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறது.

சட்டம் அப்படித்தான் இருந்தது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிற பயணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டுமா என்பதில் சுப்ரீம் கோர்ட்டே ஒருமுறை ஒரு மாதிரியும் மறுமுறை வேறு மாதிரியும் சொல்லியிருக்கிறது. கடைசியில் 2002-ல் ஆஷா ராணி வழக்கில் தரவேண்டியதில்லை என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-ல் ஒரு திருத்தம் வந்திருந்தது. சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ அந்த வண்டியில் போனால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆக, அந்தக் குடும்பத்தின் முழு வழக்கும் ஒரே ஓர் எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏறினாரா, ஏற்றினாரா?

பேப்பர் செய்தி கோர்ட்டில் பெரிய சாட்சியம் ஆகாது. அது எனக்கும் தெரியும். ஆனால் எஃப்.ஐ.ஆரில் மஞ்சளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புகார் கொடுத்தது இன்னொரு வண்டியின் கிளீனர். விடிவதற்குள் மூட்டைகளை வேறு லாரிக்கு மாற்றி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்ற விவசாயிகளின் சரக்கும் அதில் இருந்தது. லாரி டிரைவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியவில்லை. ஆக, அவர் ஏன் அந்த லாரியில் இருந்தார் என்று எழுத்தில் சொல்கிற ஒரே காகிதம் என் தலைப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

நியூஸ் எடிட்டரிடம் போய்த் திருத்தம் போடலாமா என்று கேட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சா என்று சிரித்தார். அவரைக் குறை சொல்லவில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராசிபுரம் போனேன். சரக்கை புக் பண்ணிய ஷெட்டின் முதலாளி, நான் பேப்பர்காரன் என்றதும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சங்ககிரியில் கணக்கு எழுதியவன் என்று சொல்லி, ஆபீஸ் இருந்த தெருவைச் சொன்னதும் முகம் மாறியது. “அட, நம்ம லைன் ஆளுங்களா!” என்று டீ சொன்னார். பரண்மேல் கிடந்த பழைய நோட்டுகளை இறக்கிக் கொடுத்தார். தூசி, கரப்பான், எலி கடித்த ஓரம். 2006-ன் டே புக்கை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு வருடம் டிகிரி, கணக்கு என்று மண்டையில் ஏற்றியது அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது என்று நினைக்கிறேன்.

வாடகைக் கணக்கில் அவர் பெயர் இல்லை. மொத்த லோடும் ஒரே தொகையாக எழுதியிருந்தது. மூச்சு அடைத்தது. சில்லறைச் செலவுப் பக்கத்துக்குப் போனேன். விபத்து நடந்த அன்றைய தேதி. டீ, கயிறு, படுதா தைத்த கூலி. அதற்குக் கீழே அவர் பெயர், ஊர்ப் பெயர், ‘ம.மூ. 18, ஏ.கூ. 72 ரூ.’ அவர் பணம் கொடுத்து வரவு வைத்ததும் மேஸ்திரி வாங்கிப் போனதும் இரண்டும் இருந்தன. வவுச்சர் கட்டைத் தேடி எடுத்தோம். துருப்பிடித்த குண்டூசியில் அந்தச் சீட்டு. கீழே அவருடைய கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தாக அழுத்திப் போட்டிருந்தார்.

அந்த அம்மா அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறாரோ என்று நினைத்தேன். கையெழுத்தை மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு தம்பியிடம் கொடுத்தார்.

கோர்ட்டில் ஷெட் மேனேஜர் சாட்சி சொன்னார். ஏ.கூ. என்றால் என்ன என்று குறுக்கு விசாரணையில் அரை மணி நேரம் போனதாம். நானும் வருகிறேன் என்று அவர்கள் வக்கீலிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார். “உங்களைக் கூண்டுல ஏத்துனா, அப்ப எழுதுனது பொய்யா, இப்ப சொல்றது பொய்யான்னு கேப்பாருங்க. ரெண்டுக்கும் உங்ககிட்ட பதில் இருக்குதுங்களா?” இல்லை. வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

2010-ல் உத்தரவு வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் தரவேண்டும் என்று. தொகையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம். உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு அந்த அம்மா மறுபடி வந்தார். இந்த முறை தனியாக. மஞ்சள் பையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தது.

“இங்கிலீசுல இருக்குதுங்க. வக்கீலய்யா செயிச்சுட்டோம்னு சொன்னாரு. பணம் வருதுன்னும் சொன்னாரு. அந்த வார்த்தை இதுல எங்கயாச்சும் இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க தம்பி.”

எந்த வார்த்தை என்று கேட்கவில்லை. ஒன்பது பக்கம். வரி வரியாகப் படித்தேன். ஏழாவது பக்கத்தில் ஓர் இடத்தில் இருந்தது. இறந்தவர் லிஃப்ட் வாங்கிச் சென்றவர் அல்ல, தன் சரக்குடன் சென்ற சரக்கின் உரிமையாளர் என்று. தமிழில் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“அந்த எடத்துல ஒரு கோடு போட்டுக் குடுங்க தம்பி. பொண்ணு பெரிசானா காட்டோணும்.”

ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டுக் கொடுத்தேன். பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, மூன்று மணி ராசிபுரம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.